தோற்றுவிட்டு வருவதாகச் சொன்ன மாப்பிள்ளை

"லீக்லயே தோத்துட்டு சீக்கிரம் வந்துடறேன் மாமா, நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவர் ரயில் ஏறினார். நான் எத்தனையோ மாப்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் நிலம் இருக்கிறது என்பார், ஒருவர் பிரமோஷன் வரும் என்பார். தோற்பேன் என்று வாக்குக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். எங்களுக்கும் அந்தப் பேச்சு மிகவும் பிடித்துப்போயிற்று.

வருஷம் கேட்டால் எனக்குத் தெரியாது. எங்கள் தெருவுக்கு டி.வி. வரவில்லை, திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆகவில்லை, கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் வேலூருக்கு பஸ் ஏற வேண்டும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் பஸ் ஏறுகிற அலைச்சல் எல்லாம் என் வீட்டுக்காரருக்கு. இதைக்கூட நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். என் பேச்சை அவள் எழுத்துத் தமிழாக்கிப் போடுகிறாள். போடட்டும். அவளைப் படிக்க வைத்தது அதற்குத்தானே.

என் வீட்டுக்காரருக்கு வாடகை சைக்கிள் கடை. ஊரில் கால்பந்து ஆடுகிற பிள்ளைகள் எல்லாம் காற்றடிக்க அங்கேதான் வருவார்கள். அந்தக் காலத்துப் பந்து இந்தக் காலத்துப் பந்து மாதிரி இல்லை. தோல் உறைக்குள் ஒரு ரப்பர் பிளாடர் இருக்கும். வாயைப் பிரித்து, காற்றடித்து, முடிச்சுப் போட்டு உள்ளே தள்ளி, ஷூவுக்குக் கட்டுகிற மாதிரி கயிறு கோத்து இறுக்க வேண்டும். அதை அவர் மாதிரி யாரும் செய்ய முடியாது. ஆனால் ஆட்டத்தை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவருக்குப் பந்து தெரியும், ஆட்டம் தெரியாது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததெல்லாம் இதனால்தான்.

எங்கள் மகளுக்கு அப்போது இருபத்தைந்து வயது. தையல் தைத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். அதற்கு முன் இரண்டு சம்பந்தம் வந்து நின்றுபோயிற்று. முதல் வீட்டில், தட்டு மாற்றுகிற வாரத்தில் மாப்பிள்ளையின் தாத்தா போய்விட்டார். அவருக்குத் தொண்ணூறு வயது. ஆனாலும் என் மகள் ராசிதான் என்று சொன்னார்கள். இரண்டாவது வீட்டார் பஜ்ஜி சாப்பிட்டார்கள், கேசரி சாப்பிட்டார்கள், வீட்டுக்குக் கொஞ்சம் கட்டியும் கொண்டார்கள். பிறகு ரைஸ் மில் வைத்திருக்கிற வீட்டில் பெண் எடுத்துக்கொண்டார்கள்.

ஜோசியர் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, "கார்த்திகை முடியற வரைக்கும் குரு பலம் இருக்கு. அத வுட்டா ரெண்டு வருஷம் பேசாம இருங்க" என்றார். கார்த்திகை முடிந்தால் மார்கழி, மார்கழியில் கல்யாணம் கிடையாது. தை பிறக்கும்போது குரு போயிருப்பார். இரண்டு வருஷம் கழித்து வருகிற குரு, இருபத்தேழு வயசுப் பெண்ணுக்கு எந்த வீட்டிலிருந்து மாப்பிள்ளை கொண்டுவருவார்? நான் சோறு வடிக்கும்போதுகூட இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வந்ததுதான் மூன்றாவது சம்பந்தம். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கிற குடும்பம். பையன் மெட்ராசில் ஒரு கம்பெனியில் இருந்தான். பெண் பார்க்க வந்த அன்று கேள்வி கேட்டதெல்லாம் என் நாத்தனார்தான். என் வீட்டுக்காரருக்கு அக்கா, எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள். சாஸ்திரம் என்றால் அவள்தான், சண்டை என்றாலும் அவள்தான்.

"பையனுக்கு இன்னா வேல?" என்று சம்பந்தியை, அதாவது மாப்பிள்ளையின் அப்பாவைக் கேட்டாள்.

"பந்து ஆடறான்."

"அது சரி. வேல இன்னா?"

"அதான் வேலம்மா. கம்பெனில சம்பளமே அதுக்குத்தான் குடுக்கறான்."

"ஆட்டம் இல்லாத நாள்ல?"

"ஆட்டம் இல்லன்னா ஆபீஸ்ல சும்மா உக்காந்துக்கினு இருப்பான்."

நாத்தனார் என் பக்கம் திரும்பி, "சும்மா உக்காந்துக்கினு இருந்தா அது நல்ல ஆபீஸ்தான்டி. குடுக்கலாம்" என்றாள்.

என் வீட்டுக்காரர் மாப்பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்க கம்பெனில பந்துக்குக் காத்து யாரு அடிக்கறாங்க?" அதற்குத் தனியாக ஆள் இருக்கிறது என்று அவர் சொன்னதும் மரியாதை கூடிவிட்டது. மகள் காபி கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். குனிந்து அவள் பார்த்தது மாப்பிள்ளையின் கால் கட்டை விரலை. அதில் நகம் இல்லை.

"அந்த நகம் மறுபடி மொளைக்குமாம்மா?" என்று என்னைக் கேட்டாள்.

பெண்ணுக்குச் சம்மதம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கார்த்திகையில் கடைசி முகூர்த்தம், ஒரு திங்கட்கிழமை, குறித்தாயிற்று. தீபத் திருவிழா மாதம் ஆகையால் ஊரில் சத்திரம், மண்டபம் எதுவும் கிடைக்காது. எல்லாம் வெளியூர்க்காரர்களுக்குப் போயிருக்கும். வீட்டு வாசலில் பந்தல் போட்டுச் செய்வது என்று பேசிக்கொண்டோம். எல்லாம் முடிந்து வெற்றிலை மடிக்கும்போதுதான் மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். அதே மாதத்தில் தேசம் முழுக்க இருந்து கம்பெனி டீம்கள், கிளப் டீம்கள் வந்து ஆடுகிற கோப்பை ஆட்டம் கேரளாவில் நடக்கப்போகிறதாம். கடைசி ஆட்டம், ஃபைனல், அதே திங்கட்கிழமை சாயங்காலம்.

நாங்கள் எல்லாரும் வெற்றிலையைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டோம்.

"அதுவரைக்கும் நாங்க எங்க இருக்கப்போறோம்?" என்றார் அவர். "மொதல்ல லீக். நாலு நாலு டீமா பிரிச்சி, அதுக்குள்ள ஒருத்தரோட ஒருத்தர் ஆடணும். அதுல ரெண்டு டீமுதான் மேல போவும். மீதி ரெண்டும் மூட்ட கட்ட வேண்டியதுதான். எங்க டீமு சின்ன டீமு. முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே வந்துடுவேன்."

சம்பந்திக்கு முகம் சுருங்கிவிட்டது. பெற்ற பிள்ளை தன் வாயால் தோற்பேன் என்று சபையில் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும். எங்கள் பக்கம் எல்லாருக்கும் சந்தோஷம்.

எங்கள் அடுத்த வீடு வளையல் கடை பாய் வீடு. அவர் தாத்தா காலத்திலிருந்து தேரடியில் கடை. தெருவில் நல்ல ரேடியோ அவரிடம்தான் இருந்தது. ஆட்டத்தைப் பற்றி ரேடியோவில் சொல்லுகிறவன் கொஞ்ச நேரம் இங்கிலீஷில் கத்துவான், கொஞ்ச நேரம் இந்தியில் கத்துவான். பாய்க்கு உருது தெரியும் என்பதால் இந்தியில் கத்துகிறபோது என்ன நடக்கிறது என்று எங்களுக்குச் சொல்லுவார். இங்கிலீஷில் கத்துகிறபோது எங்கள் கூடவே சும்மா உட்கார்ந்திருப்பார். இங்கிலீஷ் நேரத்தில் கோல் விழுந்தால் அடுத்த இந்தி வரும்வரை யார் போட்டது என்று தெரியாது.

முதல் ஆட்டம் இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் முடிந்தது.

"சமம்" என்றார் பாய்.

"சமம்னா யாரு ஊட்டுக்குப் போவாங்க?" என்றாள் நாத்தனார்.

"யாரும் போ மாட்டாங்கக்கா. அடுத்த ஆட்டம் ஆடுவாங்க."

"அப்ப எதுக்கு ஆடனாங்க?"

பாய் ரேடியோவை அணைத்தார்.

இரண்டாவது ஆட்டத்தில் எங்கள் மாப்பிள்ளையின் டீம் மூன்று கோல் போட்டு ஜெயித்துவிட்டது. ஒவ்வொரு கோலுக்கும் பாய் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மியாகிக்கொண்டே வந்தது. மூன்றாவது கோலை அவர் சொல்லவே இல்லை. முகத்தைப் பார்த்து நாங்களே தெரிந்துகொண்டோம். என் வீட்டுக்காரர் எழுந்து போய் ஒரு நல்ல சைக்கிளைப் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டினார். மனசு சரியில்லை என்றால் அவர் அப்படித்தான்.

இதற்கு நடுவில் தீபம் வந்தது. சம்பந்தி கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கினார். கோயிலுக்கு எல்லாரும் சேர்ந்து போனோம். அந்தக் கூட்டத்தில் ஆளுக்கொரு தட்டு தூக்கிக்கொண்டு போக முடியுமா? ஒரே தட்டில் இரண்டு தேங்காய். ஒன்று சம்பந்தியுடையது, பிள்ளை ஜெயிக்க வேண்டும் என்று. இன்னொன்று என்னுடையது, அதே பிள்ளை தோற்க வேண்டும் என்று. குருக்கள் இரண்டையும் ஒன்றாகத்தான் உடைத்தார். திரும்பும்போது சம்பந்தி என்னைப் பார்த்து, "நீங்களும் அவனுக்காகத்தானே வேண்டிக்கினீங்க?" என்று கேட்டார்.

"அவருக்காகத்தான்" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

லீக்கில் கடைசி ஆட்டம் ஒரு திங்கட்கிழமை. முகூர்த்தத்துக்குச் சரியாக ஒரு வாரம். பாய் வீட்டில் இருந்த கூட்டத்தைப் பார்த்துத் தெருவில் போகிறவர்கள் யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள். பாதி ஆட்டத்தில் பாய் சொன்னார்: "மாப்பிள்ளைக்கு மஞ்ச அட்ட காட்டறான்."

"அது எதுக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கால தட்டிட்டாராம். எச்சரிக்க பண்றதுக்கு."

"மஞ்ச கலர்லயா காட்டறான்?" என்றாள் நாத்தனார். கையெடுத்துக் கும்பிட்டாள். "கல்யாணப் பையனுக்கு மஞ்சளக் காட்டிட்டான்டி. எவனோ புண்ணியவான்."

கடைசியில் எதிர் டீம் ஒரு கோல் போட்டது. எங்கள் டீம் தோற்றது. பாய் எழுந்து நின்று, பெருநாள் வாழ்த்து சொல்லுகிற மாதிரி, "தோத்துட்டாங்க!" என்றார். நான் வீட்டுக்கு ஓடிச் சர்க்கரை எடுத்து வந்து எல்லார் கையிலும் போட்டேன். பாய் ரேடியோவை அணைத்துவிட்டார். அந்தப் பிரிவில் மற்ற இரண்டு டீமுக்கும் மறுநாள் சாயங்காலம் ஆட்டம் பாக்கி இருந்தது. அதைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கபடியில் தோற்றவன் வீட்டுக்குப் போவான். சேவல் சண்டையில் தோற்றது குழம்புக்குப் போகும். தோற்றுவிட்டு மேலே போகிற ஆட்டம் எதுவும் எங்கள் ஊர்ப் பக்கம் நாங்கள் பார்த்ததில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. நல்ல காரியம் செய்ய மாட்டோம். புதன்கிழமை காலையில் பந்தக்கால் நட்டோம்.

பந்தக்கால் என்றால் என்னவென்று பேத்தி வயசுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மூங்கிலுக்கு மஞ்சள் பூசி, நுனியில் மாவிலையும் மஞ்சள் துணியும் கட்டி, குழியில் நவதானியம் போட்டு, சுமங்கலிகள் ஐந்து பேர் கை வைத்து நடுவது. அதை நட்டுவிட்டால் கல்யாணம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். தாலி ஏறாமல் அதைப் பிடுங்கக் கூடாது. பெண் வாசல்படி தாண்டக் கூடாது. அதனால்தான் மாப்பிள்ளை தோற்கும்வரை பொறுத்திருந்து நட்டோம். அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தோம். நட்டு, மகளை மணையில் உட்கார வைத்து, நாத்தனார் நலங்கு வைத்துக்கொண்டிருந்தாள். முளை விடுவதற்காகப் பாலிகைக் கிண்ணத்தில் நான் தானியம் தெளித்துக்கொண்டிருந்தேன். அப்போது சம்பந்தி முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, தெருமுனையிலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"செமி ஃபைனல் போயிட்டான்! செமி ஃபைனல் போயிட்டான்!"

"யாரு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எம் புள்ளதான் சம்பந்தி! ராத்திரி மல்லாட்டை மண்டிக்கு டிரங்கால் போன் வந்திச்சி!"

"அவருதான் தோத்துட்டாரே."

"தோத்துட்டான். தோத்துட்டுப் போயிட்டான்!"

என் வீட்டுக்காரர் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். சந்தோஷத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்தார்.

போனில் கேட்டதைச் சம்பந்தி சொல்லச் சொல்ல, விஷயத்தை விளங்க வைத்தது பாய்தான். மகளுக்குப் போட வளையல் எடுத்து வந்திருந்தார். அதைத் தரையில் பரப்பிவைத்தார். ஒரு டீம் போட்ட கோலுக்குப் பச்சை வளையல், வாங்கின கோலுக்கு சிவப்பு வளையல். செவ்வாய்க்கிழமை ஆட்டம் முடிந்ததும் நம் டீமும் இன்னொரு டீமும் பாயிண்டில் சமம். அப்படி வந்தால் யாரிடம் பச்சை மிச்சம் அதிகமோ அவர்கள் மேலே போவார்கள். நம்மிடம் பச்சை மூன்று, சிவப்பு ஒன்று. அவர்களிடம் பச்சையும் சிவப்பும் சரிக்குச் சரி.

என் வீட்டுக்காரர் மூன்று பச்சை வளையலில் இரண்டை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "அந்த மூணு கோல ஒரு கோலா போட்டிருக்கக் கூடாதா?" என்றார்.

"எம் புள்ள டீமு எத்தினி கோலு போட்டாலும் உங்களுக்குக் கொறதானா?" என்றார் சம்பந்தி. அப்போதுதான் அவர் கண்ணில் மூங்கில் பட்டது. "இது இன்னாது? பந்தக்கால் நட்டுட்டீங்களா?"

நாத்தனார்தான் பேசினாள். "வர வெள்ளிக்கெழம செமி. அதுல ஜெயிச்சா திங்கக்கெழம ஃபைனல். அதே திங்கக்கெழம முகூர்த்தம். உங்க புள்ள எங்க இருப்பாரு?"

"ஆட்டத்த வுட்டுட்டு வந்தா வேல போயிடும்மா. தையில வெச்சிக்கலாமே."

"தையில குரு இருக்க மாட்டாரு. நட்ட காலையும் புடுங்க முடியாது."

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

"பழைய காலத்துல ராஜா சண்டைக்குப் போயிட்டா கத்தி வந்து தாலி கட்டுமாம்" என்றார் என் வீட்டுக்காரர். "உங்க புள்ளைய ரெண்டு பூட்ஸையும் அனுப்பச் சொல்லுங்க."

சம்பந்தி கோபித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். மூன்றாவது சம்பந்தமும் பஸ் ஏறிப் போகிறது என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அவர் சாப்பிடாமல் போகிறாரே என்றும் இருந்தது.

அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே வேண்டுதல். வெள்ளிக்கிழமை தோற்றுவிட வேண்டும். தெருவில் பால்காரர்கூட, "தோத்துடுவாரும்மா, தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மஞ்சள் முகத்தோடு உள்ளே உட்கார்ந்திருந்த மகள் ஒருத்திதான் சேரவில்லை.

"அவரு தோக்கணும்னு யாரும் வேண்டிக்காதீங்க" என்றாள்.

"ஜெயிச்சா வர மாட்டாரேடி" என்றேன்.

"வரலன்னா அப்பறம் பாத்துக்கலாம். தோத்துட்டு வந்தா மூஞ்சி தொங்கிக்கினு இருக்கும். போட்டோல அதான் விழும். ஆயுசுக்கும் செவுத்துல மாட்டி வெக்கணும்."

இருபத்தைந்து வயசுப் பெண்ணுக்கு எவ்வளவு தூரம் யோசனை பாருங்கள். இரண்டு சம்பந்தம் நின்றுபோனபோது அழாதவள் அவள். இதைச் சொன்னபோது மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அப்போதுதான், இந்த மாப்பிள்ளை வராமல் போனால் இவள் தாங்க மாட்டாள் என்று எனக்குப் புரிந்தது.

வெள்ளிக்கிழமை பாய் வீட்டுக்குள் ரேடியோ சரியாக எடுக்கவில்லை. கரகரவென்று ஒரே சத்தம். எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். ஏரியல் வயரை உயரமாகக் கட்ட வேண்டும் என்றார் பாய். உயரமாக இருந்தது பந்தக்கால் ஒன்றுதான். நாத்தனார் கொஞ்ச நேரம் ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அவளே வயரில் ஒரு சொட்டு மஞ்சள் தடவிக் கொடுத்தாள். சம்பந்தியும் வந்துவிட்டார். கோபம் எல்லாம் அப்படியேதான் இருந்தது, ஆனால் கீழ்பென்னாத்தூரில் இந்தி தெரிந்த ஆள் இல்லை.

நான் உள்ளே அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணம் நடக்குமோ நடக்காதோ, பாகு காய்ச்சினால் சுட்டுத்தானே ஆக வேண்டும்.

"இஸ்துக்கினு போறான்... போறான்... கோல்!" என்றார் பாய்.

"யாரு?" என்று தெருவே கேட்டது.

"நம்ப டீமு" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

சம்பந்தி மட்டும் குதித்தார். எனக்கு எண்ணெயில் இருந்த ஈடு கருகிவிட்டது. அந்தக் கருகின அதிரசத்தை எல்லாம் ஒரு தட்டில் வைத்து சம்பந்திக்குத்தான் கொடுத்தேன். அவர் எதையும் கவனிக்காமல் அத்தனையையும் சாப்பிட்டார். நல்லா இருக்கு என்றார்.

ஆட்டம் முடிய கொஞ்ச நேரம் இருக்கும்போது, "மாப்பிள்ளைக்கு மறுபடியும் மஞ்ச அட்ட" என்றார் பாய். நாத்தனார் மறுபடியும் கும்பிட்டாள், ஆனால் இந்த முறை அவ்வளவு நம்பிக்கை இல்லாமல். அப்புறம் விசில் ஊதிவிட்டான். ஜெயித்தாயிற்று. ஃபைனல். சம்பந்தி ஆனந்தத்தில் பந்தக்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆட்டினார். வயர் அறுந்து ரேடியோ நின்றுபோயிற்று. அதற்கு மேல் கேட்கவும் ஒன்றும் இல்லை. மலை மேலே பதினோரு நாள் தீபம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக் கும்பிட்டேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. கும்பிடுவதற்கு என்னிடம் வேறு ஒன்றும் மிச்சமில்லை.

சனிக்கிழமை ஒரு தந்தி வந்தது. தந்தி என்றாலே எங்கள் தெருவில் அழ ஆரம்பித்துவிடுவார்கள். நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள். மகள்தான் வாசற்படிக்கு உள்ளே நின்றபடி கை நீட்டி வாங்கிப் படித்தாள்.

"பொறப்பட்டேன்னு போட்டிருக்கு" என்றாள்.

"ஜெயிச்சவன் எதுக்குப் பொறப்படறான்?" என்றார் என் வீட்டுக்காரர். லீக்கில் தோற்றவர் வரவில்லை, செமியில் ஜெயித்தவர் வருகிறார். அந்த ஆட்டத்தின் மேல் அவருக்கு இருந்த கொஞ்ச மரியாதையும் அன்றோடு போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பூட்ஸ் இரண்டையும் கயிற்றில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, காட்பாடியிலிருந்து பஸ் பிடித்து மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். சம்பந்தி ஓடிப்போய் அவர் முழங்காலைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார்.

"கால் ஒடஞ்சிபோச்சா?"

"இல்லப்பா."

"வேலயிலேந்து தூக்கிட்டானா?"

"இல்லப்பா. ரெண்டு மஞ்ச அட்ட வாங்கிட்டேன். ரெண்டு வாங்கினா அடுத்த ஆட்டம் ஆடக் கூடாது. மேனேஜரே கல்யாணத்துக்குப் போய்ட்டு வாடான்னு அனுப்பிட்டாரு."

"அடப்பாவி! ஆட்டம் முடியப்போவுது, ஒரு கோல் முன்னாடி நிக்கிற. கொஞ்ச நேரம் கைய கட்டிக்கினு நிக்க மாட்டியா?"

"எதிராளி உள்ள வந்துட்டாம்பா. நான் ஃபுல் பேக். தடுக்கணும்ல?"

"பந்தத் தடுக்க வேண்டியதுதானே! எதுக்குக் கால தட்டின?"

"பந்து அங்க இல்ல."

"எங்க இருந்துச்சு?"

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "கொஞ்சம் தள்ளி" என்றார்.

உள்ளே மகள் சிரித்த சத்தம் வாசல்வரை கேட்டது. கல்யாணப் பெண் அப்படிச் சிரிக்கக் கூடாது என்று நாத்தனார் அவளைத் திட்டப் போனாள். போனவள் அங்கேயே நின்று அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். "மஞ்சளக் காட்டனப்பவே நான் சொல்லல?" என்று பிறகு எல்லாரிடமும் சொன்னாள்.

திங்கட்கிழமை காலையில் தாலி ஏறிற்று. குரு இருந்தார், பந்தக்கால் இருந்தது, மாப்பிள்ளையும் இருந்தார். எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? பாலிகை விரற்கடை உயரம் முளைத்திருந்தது. போட்டோக்காரர் மட்டும் வரவில்லை. இன்னொரு முகூர்த்தத்தை முடித்துவிட்டு சாயங்காலம் வருவதாக ஆள் அனுப்பியிருந்தார்.

சாயங்காலம் பாய் ரேடியோவைக் கொண்டுவந்து பந்தலில் வைத்தார். வயரைப் பந்தக்காலில் கட்டினார். யாரும் ஆகாது என்று சொல்லவில்லை. மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை முதல் வரிசையில், பக்கத்தில் என் மகள். அன்றைக்குத்தான் எங்கள் தெரு முதன்முதலாக அந்த டீம் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது. நானும்தான். இத்தனை நாள் தோற்கச் சொல்லிவிட்டு இன்றைக்கு மாற்றிச் சொல்கிறேனே என்று கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

முதல் பாதியில் ஒன்றும் இல்லை. இரண்டாவது பாதியில் இங்கிலீஷ் நேரத்தில் ஒரு பெரிய கத்தல். எல்லாரும் பாய் முகத்தைப் பார்த்தோம், பாய் ரேடியோவைப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு இங்கிலீஷ் புரியும். அவர் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எந்தப் பக்கமா வந்து போட்டான்?" என்றார் சம்பந்தி.

"எடது பக்கம்" என்றார் மாப்பிள்ளை.

"அது உன் எடம்தானே?"

"ஆமாம்பா."

அந்த ஒரு கோலோடு ஆட்டம் முடிந்துவிட்டது. கோப்பை வேறு ஊருக்குப் போயிற்று. சம்பந்தி என்னிடம் வந்து அதிரசம் இருக்கிறதா என்று கேட்டார். இந்த முறை நல்லதாகப் பார்த்துக் கொடுத்தேன்.

போட்டோக்காரர் அப்போதுதான் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். மாலையைப் போடுங்க என்றார், சிரிங்க என்றார், கொஞ்சம் கிட்ட வாங்க என்றார். மாப்பிள்ளை மாலையைப் போட்டார், கிட்டவும் வந்தார். மூன்றில் இரண்டைத்தான் அவரால் செய்ய முடிந்தது.

அந்தப் போட்டோ இன்றைக்கும் மகள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. மாப்பிள்ளை முகம் நெஞ்சுவரை தொங்குகிறது. பக்கத்தில் என் மகள், கடைவாய்ப் பல் தெரிகிற மாதிரி ஒரு சிரிப்பு. புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கட்டாயப்படுத்தி பண்ண கல்யாணமா?" என்று கேட்பார்கள்.

"இல்லைங்க" என்பாள் அவள், காபியை ஆற்றிக்கொண்டே. "செகண்ட் ஆஃப்ல கோல் வுழுந்திடுச்சி."